எல்லாரும் ஒண்ணுதான்

பாடாங் செராயில் எந்த ஒட்டுக்கடை மேசையிலும் இந்தத் தம்பியைப் பார்க்கலாம். வயது இருபதைத் தாண்டியிருக்கும். கூலிம் ஹைடெக் பார்க்கில் நைட் ஷிஃப்ட். தாத்தா ஹென்ரியட்டா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், சாகும்வரை பாரிசானுக்குக் குத்தியவர். தம்பிக்குக் கட்சி கிடையாது. கட்சிகளைப் பற்றிக் கருத்து மட்டும் உண்டு: "எல்லாரும் ஒண்ணுதாண்ணே."

சும்மா சொல்வதில்லை, தேதியோடு சொல்வார். 2008இல் நாம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கோபாலகிருஷ்ணன் 2011இல் கெஅடிலான் கட்சியை விட்டு விலகினார். 2018இல் கெஅடிலான் சீட்டில் லூனாஸ் சட்டமன்ற உறுப்பினரான அஸ்மான் நஸ்ருடின் 2020 மே மாதம் வெளியேறினார். சில நாளில் கெடா ஆட்சியே கைமாறியது. அதற்கு முன்பே, பிப்ரவரியில், ஷெரட்டன் ஹோட்டலில் கூடிப் பேசி பக்கத்தானின் மத்திய ஆட்சியையும் முடித்திருந்தார்கள். "22 மாசம்ணே! என் மோட்டார் கடன்கூட அதைவிட நீளம்."

நம்பிக்கையே இல்லாத ஆளுக்கு இத்தனை தேதி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். உடனே ரொட்டி சானாயைப் பிய்க்கத் தொடங்கிவிடுவார்.

2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிப்படி, 18 வயது நிரம்பியவர்கள் பெயரெல்லாம் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறின. தம்பியின் பெயரும் அவரைக் கேட்காமலே ஏறிவிட்டது. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தல் அன்று நாள் முழுக்கத் தூங்கப் போவதாக மேசைக்கு மேசை அறிவித்தார். தூங்காமலே இருந்திருக்கலாம். எங்கள் எம்.பி.யும் வேட்பாளருமான கருப்பையா நவம்பர் 16 அன்று காலமானார். தொகுதியின் வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது.

நாடே விரலில் மையோடு படம் பிடித்துப் போட்டது. தம்பியின் விரல் சுத்தமாக இருந்தது. புறக்கணிக்க வைத்திருந்த தேர்தலைப் பறித்துக்கொண்டார்களே என்று அவருக்குத் தாங்க முடியாத அவமானம். "என் ஓட்ட நான் போடாம இருக்கலாம்ணே. போட முடியாதுன்னு அவங்க எப்படிச் சொல்லலாம்?"

அடுத்த சில நாள் அரண்மனை வாசல் நேரலையே கதி. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நவம்பர் 24இல் அன்வார் பிரதமரானார். பக்கத்தானும் பாரிசானும் ஒரே அரசில் உட்கார்ந்தன. இங்கே பாரிசான் வேட்பாளர் சிவராஜ், பக்கத்தானின் முகமட் சோபிக்கு வழிவிட்டார்.

"நேத்துவரைக்கும் அடிச்சிக்கிட்டாங்க..." என்று ஆரம்பித்த தம்பி பாதியில் நிறுத்தினார். "ஆனா இனிமே தாவ முடியாதுல்ல? அக்டோபர்லயே சட்டம் வந்துருச்சே. தாவினா சீட்டு காலி!"

அவ்வளவுதான். ஆள் மாறிப்போனார். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குவதை விட்டுவிட்டு, சோபிக்குக் குத்தும்படி வீடு வீடாக விளக்கினார். பாட்டிக்குத் தனிப் பயிற்சி. "பாட்டி, சிவராஜ் பேரு ஓட்டுச் சீட்டுல இன்னும் இருக்கும், அதுல குத்திடாதீங்க."

"போடா, உங்கப்பன் பால் குடிக்கறப்பவே நான் குத்துனவ."

டிசம்பர் 7 இரவு முடிவு வந்தது. எதிர்த்து நின்ற பெரிக்காத்தானுக்கு 51,637, சோபிக்கு 35,377. வென்றவர் யார் தெரியுமா? தம்பியின் தேதிப் பட்டியலில் இருந்த அதே அஸ்மான் நஸ்ருடின்.

மறுநாள் மேசையே காத்திருந்தது, பழைய வசனம் வரும் என்று. தம்பி கைப்பேசியில் கணக்குப் போட்டபடி வந்து உட்கார்ந்தார்.

"16,260 வித்தியாசம். அதுல பாதிக்கு மேல ஒரு ஆளு, 8,131 பேரு மனசு மாறினா போதும்ணே. ரெண்டு ஓட்டுல ஜெயிச்சிரலாம். ஆமா, நீங்க யாருக்குக் குத்தினீங்க?"

"அது ரகசியம், தம்பி."

என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். என் தே தாரிக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

"அப்ப இன்னும் 8,130 பேருதான்."