உங்களுக்கு முன்னால் இன்னும் சிலர்

1998-இல் என்னை லண்டனுக்கு வரவழைத்தது ஷேக்ஸ்பியர் அல்ல, சிக்கனம். முந்தைய தலைமுறைப் புரோகிராமர்கள் கம்ப்யூட்டரில் இடம் மிச்சம் பிடிக்க, ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார்கள். 2000 பிறந்ததும் 00 என்பது எந்த நூற்றாண்டு என்று இயந்திரம் முழிக்கும். வங்கிகள் பதறின. திருச்சியில் கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவளெல்லாம் ‘ஆன்சைட்’ என்று வெளிநாடு கிளம்பினாள், நானும் கிளம்பினேன்.

கேனரி வார்ஃப் அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த வைத்தியம் எளிமையானது. 49 வரை வந்தால் 2000-களில் சேர், 50 முதல் வந்தால் 1900-களில் சேர். அவ்வளவுதான். 1952-இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகம், கொரோனா இடைவெளி தவிர, இன்றும் லண்டனில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2052-இலும் அது ஓடினால், என் புரோகிராம் அந்த ஆண்டை 1952 என்றே எடுத்துக்கொள்ளும். நாடகத்தைப் பார்த்தவர்கள் அதைப் பெரிய பிழையாகச் சொல்லமாட்டார்கள்.

1999 டிசம்பர் 31 இரவு ஊரே தேம்ஸ் கரையில் வாணவேடிக்கை பார்த்தது. நாங்கள் திரையைப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம், ஆனாலும் மறுநாளிலிருந்து, “இதற்கா இவ்வளவு செலவு?” என்ற கேள்விதான் மிஞ்சியது.

வேலை போக மிச்ச நேரம் எனக்கு நாடகம்தான். அந்தக் காலத்தில் நாடக டிக்கெட் வாங்க உடம்பில் தெம்பு வேண்டும். லெஸ்டர் சதுக்கத்தில் 1980 முதல் இருக்கும் பாதி விலைச் சாவடிக்கு முன்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால், அன்றைய காட்சிக்கு மலிவாகத் தரும் ‘டே சீட்’டுக்காகத் தியேட்டர் கதவு திறக்கும் முன்பே போய் நிற்க வேண்டும். மழை நிச்சயம். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை, பின்னால் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு நர்ஸ். எந்த நாடகத்துக்கு எந்த வரிசை, எந்தத் தூண் எந்த நடிகரை மறைக்கும் என்பதெல்லாம் ஆசிரியைக்கு அத்துப்படி. தூண் மறைக்கும் இருக்கை என்றால் டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்களிடம் காணாத நேர்மை.

மலிவு டிக்கெட்டுக்காரர்களுக்குப் பழைய தியேட்டர்களில் பக்கத்துச் சந்தில் தனி வாசல் இருந்தது. விக்டோரியா ராணி காலத்தில், கூலிக்காரன் கோட்டு போட்டவனோடு உரசாமல் மேல்மாடம் ஏறக் கட்டிய படிக்கட்டு. வருணாசிரமத்தை நாங்கள் சாஸ்திரத்தில் வைத்தோம், இவர்கள் செங்கல்லில் வைத்திருந்தார்கள். 1997-இல் திறந்த ‘ஷேக்ஸ்பியர்ஸ் குளோப்’ தியேட்டரில் அப்போது ஐந்து பவுண்டுக்கு முற்றத்தில் நின்றே பார்க்க முடிந்தது. கூரை கிடையாது, குடை விரிக்கக் கூடாது, தரையில் உட்காரவும் கூடாது. கிங் லியர் புயலில் நனையும்போது நாமும் நனைவோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் காலிங் கார்டு தீரும்வரை சொல்வேன். “ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாவா வர்றே?” என்பது முதல் கேள்வி. ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’வில் சரவிளக்கு தலைக்கு மேலிருந்து மேடைக்குப் பாயும் என்றேன். “மனோகர் நாடகத்துல நாங்க பார்க்காத தந்திரக் காட்சியாடி?” என்று முடித்துவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2002-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ அப்போலோ விக்டோரியா தியேட்டருக்கு வந்தது. ‘முதல்வன்’ படத்து ‘ஷக்கலக்க பேபி’ ஆங்கில வார்த்தைகளை உடுத்திக்கொண்டு மேடையேறியது. அலுவலகமே கூட்டமாகப் போனது. இடைவேளையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தின் மூடிக்குள் ஒளிந்திருக்கும் கரண்டியைத் தேடியபடி, எல்லோரும் பம்பாயைப் பற்றி என்னிடம்தான் கேட்டார்கள். என் பம்பாய் அனுபவம், விமானம் மாற விமான நிலைய நாற்காலியில் தூங்கியது. தயங்காமல் விளக்கினேன்.

இன்று எனக்கு நடு வரிசையில் உட்காரக் கட்டுப்படியாகிறது. எந்தத் தூணும் மறைப்பதில்லை. டிக்கெட் போனில் வருகிறது. கேட்பவர் கூடினால் விலையும் தானாக ஏறுகிறது. விளக்கு அணையும் முன் போனை அணைக்கச் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மாலையின் சிறந்த வசனம். சர்வர் விழுந்தால் முதலில் ஒலிப்பது என் போன். ஆகவே நாடகத்துக்குப் போகும் நாளில் என் ‘ஆன்கால்’ முறையைச் சக ஊழியர் ஒருவர் தலையில் கட்டிவிட்டுத்தான் அதை அணைப்பேன்.

2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடின. ஏப்ரலில் லண்டன் நேஷனல் தியேட்டர் ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ நாடகத்தை யூடியூபில் இலவசமாக விட்டது. அம்மா திருச்சியில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். “சிரிப்பாத்தான் இருக்கு. இதுக்கா மழையில நின்னே?”

இப்போது நான் இருப்பது வரிசையை ஒழிக்கும் தொழிலில். ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு டிக்கெட் திறந்தால் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கானோர் பாய்வார்கள், சர்வர் தாங்காது. அதனால் எல்லோரையும் ஒரு ‘வெர்ச்சுவல் வெயிட்டிங் ரூம்’ பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து, நிமிடத்துக்கு இத்தனை பேர் என்று உள்ளே விடுகிறோம். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று திரை சொல்லும். யார் என்று சொல்லாது. வரிசை அப்படியே இருக்கிறது. ஆசிரியையையும் நர்ஸையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.

அதில் காத்திருப்பவர்கள் சலித்துப்போய்ப் பாதியில் வெளியேறுகிறார்களாம். சமீபத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டோம். சென்னையிலிருந்து புதிதாக வந்த பெண் எழுந்து, வரிசையில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஓர் அரட்டைப் பெட்டி வைக்கலாமே என்றாள். எந்த இருக்கை நல்லது, எந்த நாடகம் தேவலை என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லலாமாம். உலகத்தில் யாரும் இன்னும் செய்யாத புதுமை என்று மேலாளர் மேசையைத் தட்டினார். நானும் கை தட்டினேன். ஆறு மாதத்தில் தயாராகிவிடும். மழையை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.