ஹோம் தியேட்டர் புணரியல்

சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் என்னென்ன நடக்கும் என்பதைத் தொல்காப்பியர் தொடங்கிப் பவணந்தி முனிவர் வரை விளக்கமாக எழுதிவைத்தார்கள். ஒயரும் சாக்கெட்டும் சேரும் இடத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். நன்னூல் எழுந்து ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் ஆகியும் உரையாசிரியர் ஒருவரும் இதைத் தொடவில்லை. நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூரைக் களமாகக் கொண்ட இந்த ஆய்வு அக்குறையை நீக்க முன்வருகிறது.

களத் தேர்வு தற்செயலானதல்ல. திருவாரூருக்கும் நாகைக்கும் நடுவே, கேடிலியப்பர் கோயில் கொண்ட ஊர் இது. சுற்றிலும் நெல்வயல், கிழக்கே, காற்றடித்தால் வந்து சேரும் தூரத்தில் கடல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும்போது பின்னின் முலாம் எம்மாத்திரம்? உப்பும் ஈரமும் சேர்ந்து அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திவிடும். அறுவடை முடிந்தபின் வீட்டுப் பக்கம் ஒதுங்கும் எலிக்கு ஸ்பீக்கர் ஒயரின் ரப்பரில் என்ன ருசியோ, அது தனி ஆய்வுக்குரியது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், இங்கே எந்தக் கருவியும் ஓய்வு பெறுவதில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குலக் கலர் டிவி, 2017-இல் அரசு கேபிள் கொடுக்கத் தொடங்கிய செட்டாப் பாக்ஸ், தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய எல்.இ.டி. டிவி, சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் என்று நாலு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. கூட்டுக் குடும்பம் என்றால் பேச்சுவார்த்தை நின்றுபோவதும் சகஜம்தானே.

கருதுகோள் இதுதான்: பழுது பெரும்பாலும் கருவியில் இல்லை, புணர்ச்சியில் இருக்கிறது. படத்தை அனுப்பும் பாக்ஸ் நிலைமொழி. வாங்கிக்கொள்ளும் டிவியோ ஆம்போ வருமொழி. மாற்றமில்லாமல் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. அதை யாரும் கவனிப்பதில்லை என்பதால் இந்த ஆய்வும் கவனிக்கவில்லை. மீதி விகாரப் புணர்ச்சி. அதன் மூன்று வகையும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பிசகாமல் பொருந்துவது வியப்பு.

முதலாவது தோன்றல். இல்லாத ஒன்று வந்து சேர்வது. அதாவது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் ஊஃபரில் வந்து உட்கார்ந்து உறுமுகின்றன. ஆம்புக்கு ஒரு எர்த், தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயருக்கு வேறொரு எர்த் என்று இரண்டு வழி இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பார்த்தால் போதும். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி பிடிபட்டாயிற்று. எல்லாக் கருவியையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகுவது முதல் வைத்தியம். கேட்கவில்லை என்றால் நடுவில் ஐசொலேட்டர் போடலாம். பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று கையைத் தட்டிக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் இரைச்சலை விற்று ஷாக்கை வாங்குகிறார்கள்.

டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் அந்த வழியாக இரைச்சல் ஏற வாய்ப்பே இல்லை. அதில் போவது வெளிச்சம், மின்சாரமல்ல. 1983-இல் தோஷிபா கொண்டுவந்த முறை இது. ஒரே நிபந்தனை: நுனியில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொருக வேண்டும்.

இரண்டாவது திரிதல். மஞ்சள் படம், சிவப்பு வலது, வெள்ளை இடது என்பது குழந்தைக்கும் தெரியும். சில டிவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கே மூன்று ஓட்டை உண்டு என்பதும், அப்போது சிவப்பு இரண்டாகிவிடும் என்பதும்தான் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. மஞ்சளுக்குத் தனி ஓட்டை இல்லாமல் பச்சையோடு சேர்த்து வைத்த டிவிகள் இருக்கின்றன. மெனுவில் ஏவி என்று மாற்றாமல் அங்கே மஞ்சளைச் சொருகினால், நேற்று வந்த படமும் 'பராசக்தி' காலத்துக் கறுப்பு வெள்ளையில் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டெக்கும் இதே வித்தையைக் காட்டும்; அது என்.டி.எஸ்.சி., நம்முடையது பால். ஒரு ஓட்டையில் மூன்றையும் அடக்கும் சின்ன ஜாக்கின் கதை இன்னும் மோசம். அதில் படமும் எர்த்தும் எந்த வளையத்தில் இருக்க வேண்டும் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. அதனால் சில சமயம் சிவப்பு பின்னை மஞ்சள் ஓட்டையில் மாற்றிச் சொருகினால்தான் படம் வரும். விதி மீறியவன் ஜெயிக்கும் இடம் அது ஒன்றுதான்.

ஸ்பீக்கர் ஒயரின் பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் நடப்பது நுட்பமானது. சத்தம் வரும், அழுத்தம் இருக்காது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுப்பதால் கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். 'குருதிப்புனல்' 1995-இல் டால்பி ஒலியோடு தியேட்டருக்கு வந்தபோது கேட்ட அதிர்வை வீட்டில் எதிர்பார்த்தவர், புது சப் ஊஃபருக்குச் செலவு செய்வதற்கு முன் ஒரு பேனா டார்ச் பேட்டரி எடுத்து, ஆம்பிலிருந்து கழற்றிய ஒயர் நுனியில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ்.

மூன்றாவது கெடுதல், ஆய்வின் இதயப் பகுதி. மாலை சீரியல் நேரத்தில் மெக்கானிக்குக்குப் போன் வருவது இதற்காகத்தான்.

"தம்பி, படம் ஓடுது, வாயசைக்கிறா, ஒண்ணும் கேக்கலப்பா."

"பின்னாடி இருக்கிற ஒயரைப் புடுங்கிட்டு மறுபடி சொருகுங்க பெரியம்மா."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். புடுங்கிச் சொருகல் கோட்பாடு என்று இந்த ஆய்வு பெயரிடும் இம்முறையை அறியாமை என்று ஒதுக்குவோர் இருக்கிறார்கள், அவர்கள் பிழைபடுகிறார்கள். பின்னை இழுத்துச் சொருகும்போது உலோகம் உலோகத்தை உரசி, உப்புக் காற்று போர்த்திய படலம் வழித்தெடுக்கப்படுகிறது. ஏவி பின்னை 1930-களில் ஆர்.சி.ஏ. கம்பெனி உருவாக்கியது ரேடியோவையும் கிராமபோனையும் ஒரே மரப்பெட்டிக்குள் இணைக்க. ஓயாமல் கழற்றி மாட்டுவதற்கென்று செய்ததல்ல. அதில் எர்த் தொடும் முன்னே நடு முள் தொட்டுவிடும். ஆம்ப் ஓடும்போது சொருகினால் 'டர்ர்' என்று வீடு அதிர்வது அதனால்தான். அணைத்துவிட்டுச் சொருகவும்.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் இக்கோட்பாட்டுக்கு இன்னும் உறுதியான சான்று உண்டு. ஏழு கம்பெனிகள் சேர்ந்து 2002 டிசம்பரில் வெளியிட்ட இந்த இணைப்பு 19 முள் கொண்டது. உள்ளே நடப்பது அசல் பெண் பார்க்கும் படலம். பாக்ஸ் 18-ஆம் முள் வழியாக 5 வோல்ட் அனுப்பும். 'வீட்டில் இருக்கிறோம்' என்று டிவி 19-ஆம் முள்ளில் பதில் தரும். பிறகு 15, 16 வழியாக டிவியின் ஜாதகம் வாங்கப்படும்: எவ்வளவு பெரிய படம் தாங்கும், என்ன ஒலி புரியும். திருட்டுப் பதிவு எடுக்கும் இடமில்லையே என்ற விசாரணையும் உண்டு. இதில் எந்தக் கட்டத்தில் கரன்ட் போய் வந்தாலும் பேச்சு முறிந்து 'நோ சிக்னல்' வந்துவிடும். ஒயரைப் புடுங்கிச் சொருகினால் 19-ஆம் முள் விட்டுச் சேர்ந்து, சம்பந்தம் முதலிலிருந்து பேசப்படும். அப்படியும் வரவில்லை என்றால் இரண்டையும் சுவிட்சில் அணைத்து, டிவியை முதலிலும் பாக்ஸைப் பிறகும் போட வேண்டும்.

ஆம்பில் மட்டும் சத்தம் வராவிட்டால் பார்க்க வேண்டியவை இரண்டு. டிவியில் மூன்று எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தாலும் ஒலியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ஒன்றுதான், பக்கத்தில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். அதில்தான் சொருகியிருக்கிறது என்றால், டிவி அனுப்பும் புது டால்பி வகை பழைய ஆம்புக்குப் புரியவில்லை என்று பொருள். ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று மாற்றினால் பேசத் தொடங்கும்.

உயிரும் உயிரும் சேர மறுக்கும் இடத்தில் யகரமோ வகரமோ வந்து நிற்பதுபோல், மஞ்சள் பின் மட்டும் உள்ள பழைய பாக்ஸுக்கும் அந்த ஓட்டையே இல்லாத புது டிவிக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்னும் உடம்படுமெய் வரும். இது ஒருவழிப் பாதை. ஏவியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏவிக்கு மாற்றுவது வேறு. கடையில் இரண்டும் ஒரே அளவு டப்பா. திருப்பி மாட்டினால் ஓடாது. தனியாக 5 வோல்ட் கொடுக்காவிட்டாலும் பல டப்பாக்கள் ஓடாது.

இனி நடைபெற வேண்டிய ஆய்வுகளில் அவசரமானது 13-ஆம் முள். ஒரு கருவி இன்னொன்றை இயக்குவது அதன் வழியாகத்தான். ஒரே விதியைச் சாம்சங் எனிநெட் என்றும், எல்.ஜி. சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் உரை வகுத்திருக்கின்றன. உரைகள் முரண்படும் இடங்களில் பாக்ஸை அணைத்தால் டிவியும் தானாக அணைகிறது. இல்லையேல் நடுராத்திரியில் டிவி தானாகக் கண்விழிக்கிறது. இதற்கு மந்திரிக்கத் தேவையில்லை. மெனுவில் அந்தப் பெயரைத் தேடி அணைத்துவிடலாம், ரிமோட் அகப்பட்டால்.