மின்சாரம் எங்கிருந்து வருகிறது: மின்சார சபைக்கு ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்: பொது முகாமையாளர், இலங்கை மின்சார சபை, கொழும்பு.
விடயம்: மின்சாரம் வரும் வழியைச் சபைக்கு அறியத்தருதல்

ஐயா,

இலங்கை பாவிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலைக் கடற்கரையில் பிறக்கிறது. அங்குள்ள ஆலைக்கு லக்விஜய அனல்மின் நிலையம் என்று பெயர். ஒவ்வொன்றும் 300 மெகாவோட் கொண்ட மூன்று தொகுதிகள் அதில் உள்ளன. சீன எக்சிம் வங்கியின் கடனில் எழுந்த இந்நிலையத்தின் முதல் தொகுதி 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் சேவைக்கு வந்தன. இவையெல்லாம் சபையின் கோப்புகளில் ஏற்கனவே உள்ள விபரங்கள். ஆயினும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். கோப்புகள் உடனடியாகக் கைக்கெட்டவில்லை போலும் என்ற அனுமானத்தில் இக்கடிதம் வரையப்படுகிறது.

1. நிலக்கரி

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து அது கப்பலில் வருகிறது. மூன்று தொகுதிகளும் ஓட ஆண்டுக்குச் சுமார் 22 இலட்சம் தொன் தேவை. ஒரு கப்பல் ஏறத்தாழ 60,000 தொன் கொண்டுவரும். நுரைச்சோலையில் அவ்வளவு பெரிய கப்பல் அணையத் துறைமுகம் கிடையாது. ஆகவே கப்பல் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, பார்ஜுகள் நிலக்கரியை இறங்குதுறைக்குக் கொண்டுசெல்கின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இந்த வேலை நடக்காது. அந்த மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி, கரையில் மலையாகக் குவித்து வைக்க வேண்டும்.

கப்பல் வர வங்கியில் எல்.சி. எனும் நாணயக் கடிதம் திறக்க வேண்டும், எல்.சி. திறக்க டொலர் வேண்டும். எரிபொருள் வாங்க டொலர் இல்லாத 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. எனவே மின் உற்பத்திக்கான மூலப்பொருட்களின் பட்டியலில் நிலக்கரி, டீசல், மழைநீர் ஆகியவற்றுடன் டொலரையும் சேர்த்துக்கொள்வது முறையாகும். குரங்கு இப்பட்டியலில் இடம்பெறாது.

2. சுழற்சி

நிலக்கரி பொடியாக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. அந்த வெப்பத்தில் 500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட நீராவி உண்டாகிச் சுழலியைச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற வேகம் மாறாமல் இருந்தால்தான் நாட்டின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 அலைவு என்ற கணக்கில் நிற்கும். நுரைச்சோலையிலும் விக்டோரியாவிலும் கொத்மலையிலும் சுழலும் கனத்த இயந்திரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் கட்டுண்டவை. எங்காவது ஒரு பழுது நேர்ந்தால், சுழலும் அந்தக் கனமே சில கணங்களுக்கு வேகம் குலையாமல் தாங்கிப்பிடிக்கும். தானியங்கிப் பாதுகாப்புகள் பழுதைப் பிரித்தெடுக்க அந்த அவகாசம் போதும்.

பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் பூட்டியிருந்தன, தேவை குறைவு. முற்பகல் பதினொரு மணி கடந்த வேளையில் நல்ல வெயில். ஏறத்தாழப் பாதி மின்சாரம் சூரியப் படலங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. படலத்தில் சுழல எதுவும் இல்லை. ஆகவே தாங்கிப்பிடிக்கும் கனமும் இல்லை. பாணந்துறையில் விழுந்த அடி சில கணங்களில் தீவெங்கும் பரவ, மின்நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தம்மைத் துண்டித்துக்கொண்டன. இந்த விளக்கத்தைச் சபையே பிற்பாடு வெளியிட்டது. அதற்குள் குரங்கு உலகச் செய்திகளில் இடம்பிடித்துவிட்டது.

குரங்கு விடயத்தில் முன்னுதாரணமும் உண்டு. 2016 ஜூன் 7ஆம் திகதி கென்யாவின் கித்தாரு நீர்மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியின் மேல் விழ, நாடே இருண்டது. அந்தக் குரங்கு உயிர் பிழைத்தது. சில கிலோ எடையுள்ள ஒரு விலங்கு ஒரு நாட்டின் மின்தொகுதியைச் சாய்க்கிறது என்றால், விசாரணைக்கு அழைக்கப்பட வேண்டியது மின்தொகுதியே.

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் அதே நிலை திரும்புமென அஞ்சிய சபை, கூரைப் படலங்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களை வேண்டிக்கொண்டது. டொலர் கொடுத்து வாங்கிய கரி எரிய வேண்டும், இலவசமாக வந்த வெயில் ஓய்வெடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். மேலதிக வெயிலைச் சேமித்து வைக்கப் போதிய மின்கலங்கள் இல்லாதவரை இந்த வேண்டுகோள் பொறியியல் ரீதியில் சரியானதே. சரியான வேண்டுகோள் இவ்வளவு விசித்திரமாகக் கேட்பதற்குக் காரணம், படலங்கள் முதலில் வந்து மின்கலங்கள் வராமல் போனமை.

3. மீண்டும் தொடங்குதல்

நிலக்கரி மின்நிலையம் நின்றால் அதைத் திரும்ப இயக்கவும் மின்சாரம் வேண்டும். நீர் ஏற்றும் பம்பிகளும் காற்று ஊதும் விசிறிகளும் ஓடினால்தான் கொதிகலன் சூடேறும். அந்த முதல் மின்சாரத்தை மலையகத்தின் நீர்மின் நிலையங்கள் அனுப்புகின்றன. மதகைத் திறந்தால் அவை சில நிமிடங்களில் சுழலத் தொடங்கும், நுரைச்சோலைக்கு நாட்கணக்கு. அதனால்தான் பெப்ரவரி 9 இரவே விளக்குகள் எரிந்தும், அடுத்துவந்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. 900 மெகாவோட்டை ஒரே முற்றத்தில் வைத்ததன் விலை இது.

4. காற்று

கற்பிட்டிக் குடாநாட்டில் தென்மேல் பருவக்காற்று மூன்று வேலை செய்கிறது. முதலாவது, நிலக்கரிக் கப்பலை வரவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது, மாம்புரி தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள காற்றாலைகளைச் சுற்றுகிறது. மாம்புரியில் 2010 முதலே காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. மூன்றாவது, கரிக் குவியலிலும் சாம்பல் முற்றத்திலும் உள்ள தூளைக் கிளப்பி, கிழக்கே உள்ள ஊர்களுக்கு விநியோகிக்கிறது. சபையின் விநியோகங்களில் மின்வெட்டே இல்லாதது இந்த மூன்றாவதுதான்.

இதற்குக் கட்டண மானி பொருத்தப்படவில்லை. துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையும், கிணற்றடி வாளியின் விளிம்பும், வெங்காயத் தாளின் மேற்பக்கமும் மானியாகப் பயன்படுகின்றன. விரலால் தடவினால் வாசிப்பு தெரியும். மக்கள் முறையிட்டதன் பேரில் காற்றுத் தடுப்பு வேலி கட்டப்பட்டது. வேலிக்கு மேலேயும் காற்று உண்டு. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை அண்டிய கத்தோலிக்க மக்களும் மீனவரும் இத்திட்டத்தை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர்கள். அவர்களுக்கு அன்று சொல்லப்பட்ட பதில், நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பது. பதில் உண்மையானது, சாம்பல் முழுவதும் ஒரே பிரதேசத்துக்கு ஏன் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

5. பாவனை

புகைபோக்கியின் நிழலில் குடியிருப்பதால் மின்வெட்டில் சலுகை கிடையாது. நிலையத்தின் மின்சாரம் 220 கிலோவோட் கம்பியில் ஊரைக் கடந்து போய், தூரத்து உபமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, 230 வோட்டாக வீட்டுக்குத் திரும்புகிறது.

குடாநாட்டின் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. சின்ன வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்க் கன்றுக்கும் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு அடிக்கடி நீர் தூவ வேண்டும். மோட்டார் நின்றால் வெயில் ஏறும்போதே தாளின் நுனி சுருளத் தொடங்கும். கரண்ட் வரும் நேரத்தைச் சபை அறிவிக்கும். தாள் வாடும் நேரத்தை வெயில் தீர்மானிக்கும். கரண்ட் நின்று, உடப்பில் கரைவலையில் பட்ட மீனுக்கு ஐஸ் கிடைக்காவிட்டால் அது கருவாடாகும். அதற்கு வேண்டிய உப்பு புத்தளம் உப்பளங்களில் வெயிலாலும் காற்றாலும் விளைகிறது. அவ்விரண்டுக்கும் மாதாந்தப் பட்டியல் வருவதில்லை.

6. பரிந்துரைகள்

(அ) கூரைப் படலங்களின் எண்ணிக்கைக்கு ஈடாக மின்கலச் சேமிப்பு அமைக்கப்படல் வேண்டும்; அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளை அபாய நாட்களாகக் கருதலாம்.

(ஆ) மின்தடைக்கான காரணம் அறிவிக்கப்படும்போது, விலங்கு எதுவாயினும், அதன் பின்னுள்ள பொறியியல் காரணமும் அதே நாளில் அறிவிக்கப்படல் வேண்டும்.

(இ) சாம்பலும் நிலக்கரியும் அடுத்த தென்மேல் பருவக்காற்றுக்கு முன் மூடப்படல் வேண்டும். காற்று வரும் மாதம் ஆண்டுதோறும் ஒன்றே. ஆகவே இதற்கு முன்னறிவித்தல் போதவில்லை என்று சொல்ல இடமில்லை.

இங்ஙனம்,
மின் பாவனையாளர்,
புத்தளம் மாவட்டம்.