தலைக்கு 8 ஷில்லிங்

1858 வாக்கில் இங்கிலாந்து அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு பணம் கொட்டுகிறோமே, அதுகள் உருப்படியாக ஏதாவது படிக்கின்றனவா? நியாயமான சந்தேகம்தான். 1833இல் வெறும் 20,000 பவுண்டில் ஆரம்பித்த மானியம் 1861இல் 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் கிரிமியா வரை போய் ரஷ்யாக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்ததில் கஜானா வேறு இளைத்துக் கிடந்தது. சண்டை போட்ட ஜெனரலிடம் செலவுக்குக் கணக்குக் கேட்க முடியுமா? வாத்தியாரிடம் கேட்கலாம்.

உடனே கமிஷன். நியூகாசில் டியூக் தலைமையில் 1858இல் உட்கார்ந்தவர்கள் 1861இல் எழுந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளை மட்டும் வாத்தியார்கள் கவனிக்கிறார்கள், சின்னதுகள் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் வெளியே போகின்றன, ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பரீட்சித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள் என்றார்கள்.

கல்வி இலாகாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ராபர்ட் லோ. மகா புத்திசாலி. பிறவியிலேயே பார்வை மங்கல். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஆக்ஸ்ஃபோர்டில் ஜெயித்தவர். அங்கேயே சில வருஷம் தனி டியூஷன் எடுத்துப் பிழைத்தவரும்கூட. டியூஷன் வாத்தியார் கையில் ஒரு நாட்டின் கல்வி கிடைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. 1862இல் ‘திருத்திய விதிகள்’ வந்தன. திட்டம் மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று நாடாளுமன்றத்தில் சத்தியம் செய்தார். இரண்டில் ஒன்றுக்குத்தான் உத்தரவாதம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

விலைப்பட்டியல் இதுதான். சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதைத் தாண்டி, 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்த பிள்ளை என்றால் பரீட்சையில் இன்னொரு 8 ஷில்லிங் சம்பாதித்துத் தரலாம். வாசிப்பில் ஃபெயில் என்றால் அதில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. எழுத்தில் ஃபெயில், இன்னொரு 2 ஷில்லிங் 8 பென்ஸ். கணக்கிலும் கோட்டை விட்டால் எட்டும் போச்சு. பெண் பிள்ளைகள் இவற்றோடு தையலும் கற்றாக வேண்டும்.

மொத்தம் ஆறு ‘ஸ்டாண்டர்டு’கள். முதல் படியில் ஓரசைச் சொற்களால் ஆன ஒரு குட்டிக் கதையை வாசித்து, 20 வரை எண்களை எழுதிக் காட்ட வேண்டும். ஆறாம் படியில் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தி வாசிக்க வேண்டும். ஒருமுறை உட்கார்ந்த படியில் அதே பிள்ளையை மறுபடி உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. தோற்றவன் அடுத்த வருஷம் அதைவிடக் கஷ்டமான பரீட்சைக்குப் போய்த் தோற்க வேண்டியதுதான்.

அதுவரை தேர்ச்சி பெற்ற ஆசிரியர்களுக்கு அரசாங்கம் நேரடியாகக் கொடுத்துவந்த சம்பளப் படியை லோ ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். ஓய்வூதிய நம்பிக்கையும் போனது. இனி மானியம் பள்ளி நிர்வாகத்துக்கு வரும். அதில் பங்கை வாத்தியார் பேசி வாங்கிக்கொள்ள வேண்டியது. அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு வகுப்பறையில் பிள்ளைகள் தெரிந்திருக்க வழியில்லை. முதல் பெஞ்சில் 8 ஷில்லிங், அதன் பக்கத்தில் 8 ஷில்லிங், ஜன்னலோரம் கழித்தலில் தகராறு பண்ணும் 5 ஷில்லிங் 4 பென்ஸ், கடைசி பெஞ்சில் மூக்கொழுகிக்கொண்டு ஒரு பூஜ்யம். நன்றாகப் படிக்கிறவனுக்குக் கூடுதலாக ஒரு பென்னியும் கிடையாது. அதனால் அவன் பாட்டுக்கு உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். வாத்தியாரின் கவனமும் பிரம்பும் ஜன்னலோரத்துக்கே சொந்தம்.

பூகோளம், சரித்திரம், இலக்கணம் மூன்றுக்கும் காசு இல்லை என்பதால் பல பள்ளிகளில் அவை ஓரம் கட்டப்பட்டன. 1867இல் கூடுதல் பாடத்துக்கும் மானியம் உண்டு என்றார்கள். உலகம் மறுபடி உருண்டையானது.

இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருவார். அன்று தரை கழுவப்படும், பிள்ளைகளின் முகங்களும் கழுவப்படும். காய்ச்சலா, கக்குவானா, அம்மையா, எதுவானாலும் தலை வந்தாக வேண்டும். கம்பளியில் சுருட்டித் தாயின் இடுப்பில் வந்திறங்கிய குழந்தைகளையும், நிற்கத் தெம்பில்லாமல் கணப்பருகே முக்காலியில் சரிந்து கிடந்தவர்களையும் இன்ஸ்பெக்டர்களே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அம்மைக் கொப்புளத்துக்கு மானியத்தில் கழிவு கிடையாது என்பது உண்மைதான்.

பரீட்சைக்கு எந்தப் புத்தகம் என்பது முன்பே தெரியும். ஆகவே வருஷம் முழுக்க அந்த ஒரே புத்தகம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, உருப்போடு உருப்போடு என்று உருப்போட்டார்கள். ஒரு பையன் கணீரென்று வாசிக்கிறான், நிறுத்தற்குறிக்கு மூச்சும் விடுகிறான், இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தால் புத்தகம் தலைகீழாக இருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்லும் கதை இது. தலைகீழாகப் பிடித்து வாசிக்கத் தெரிவது தனித் திறமை என்று 2 ஷில்லிங் 8 பென்ஸ் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

இந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் கவிஞர் மேத்யூ ஆர்னால்டு. 1851 முதல் 1886 வரை 35 வருஷம் இந்த உத்தியோகத்தில் இருந்தார். திருத்திய விதிகள் அமலுக்கு வருவதற்கு முன்பே பெயர் போடாமல் பத்திரிகையில் வெளுத்து வாங்கினார். 1867 அறிக்கையில், வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ உண்மையில் தெரியாத பிள்ளைகளை அந்த மூன்றிலும் பாஸ் பண்ண வைக்கிற வித்தையை வாத்தியார்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எழுதினார். மேலதிகாரிகள் படித்துவிட்டு, அடுத்த பள்ளிக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

அதே விதிகள் ஒவ்வொரு தலைமையாசிரியரும் ‘லாக் புக்’ எழுத வேண்டும் என்றன. அதில் பொதுவான கருத்தோ அபிப்பிராயமோ எழுதக் கூடாது என்றும் சொல்லிவைத்தன. முன்யோசனைக்காரர்கள்.

லோவுக்கு வினை வேறு திசையிலிருந்து வந்தது. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் தனக்குப் பிடிக்காத பகுதிகளை இலாகா வெட்டுகிறது என்று 1864இல் நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு. வெட்டச் சொல்லிக் குறியிட்ட அறிக்கைகள் கைமாறின. லோவோ தன் மங்கல் பார்வையால் அறிக்கைகளைப் பிறர்தான் வாசித்துக் காட்டுவார்கள், அந்தக் குறிகளைத் தான் கண்டதே இல்லை என்றார். ஓட்டெடுப்பில் தோற்று ராஜினாமா செய்தார். பிறகு நடந்த விசாரணை அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. வாசித்தால்தான் காசு என்று ஒரு நாட்டுக்கே சட்டம் போட்டவர், வாசிக்க முடியாததால் தப்பித்தார். அத்தோடு ஓய்ந்தாரா? 1868இல் நிதியமைச்சராகி, 1871இல் தீப்பெட்டிக்கு வரி போடப் பார்த்து, தீப்பெட்டித் தொழிலாளிகள் ஊர்வலம் வந்ததும் வாபஸ் வாங்கினார். கடைசியில் பிரபு பட்டம். பரீட்சை இல்லாமலே கொடுத்தார்கள்.

திட்டம் மட்டும் அவரோடு போகவில்லை. 1860களிலேயே கப்பலேறி மதராஸ் மாகாணத்துக்கு வந்து, ‘ரிசல்ட்ஸ் கிராண்ட்’ என்ற பெயரில் குடியேறியது. எண்சுவடியும் ஆத்திசூடியும் சொல்லிக்கொடுத்து, விளைச்சலுக்கு ஏற்ப நெல்லும் காசும் வாங்கிக்கொண்டிருந்த திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று தெருமுனையைப் பார்க்கலானார்.

இங்கிலாந்தில் அது 1890இல்தான் பெருமளவு ஆட்டம் கண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒழிந்தது. எட்மண்ட் ஹோம்ஸ் என்ற தலைமை இன்ஸ்பெக்டர், தானும் அந்த இயந்திரத்தை ஓட்டியவர், 1911இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி அதைச் சபித்தார்.

இனி மதிப்பெண். மானியம் 1861இல் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்தது, 1865இல் 6 லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே மலிவில் லோ பாஸ். திறமையில் ஃபெயில். அதே படியில் மறுபடி உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட விதிதான்.