செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு பேருந்து நிறுத்தம்

சிங்கப்பூரில் புளோக்குக்கு ஒருவர் இப்படி இருக்கிறார் என்று சொன்னால் அது மிகை. ஆனால் இருக்கிற இடத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்கு மேலே, மற்றவர்கள் பிள்ளையார் படம் மாட்டுகிற இடத்தில் இவர் ஒரு எல்இடி பலகையை மாட்டியிருப்பார். அகலத்தில் 64 புள்ளி, உயரத்தில் 32 புள்ளி. கீழே உள்ள நிறுத்தத்துக்கு எந்த பஸ் இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். சிம் லிம் டவரில் ஒயரும் பவர் சப்ளையும் வாங்கி, ஈஎஸ்பி32 என்கிற சின்னஞ்சிறு போர்டைப் பின்னால் ஒட்டி, நிரலும் தானே எழுதிச் செய்த பலகை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைப் பாராட்டிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் காப்பி ஆறும்வரை அவரே விளக்குவார். வீட்டில் அவருக்குப் பஸ் பைத்தியம் என்று பெயர். நான் அதை ஏற்கவில்லை. பைத்தியம் என்றால் கண்மூடித்தனமான நம்பிக்கை வேண்டாமா? அந்த வீட்டில் அந்தப் பலகையை நம்பாத ஒரே ஆள், அதைச் செய்தவர்தான்.

கைப்பேசியில் இதெல்லாம் சும்மா கிடைக்கிறதே, எதற்கு இந்தக் கூத்து என்பார்கள். கைப்பேசியில் பார்க்க முதலில் அதை எடுக்க வேண்டும். எடுத்தால் வாட்ஸ்அப்பில் நாலு செய்தி நிற்கும். நாலையும் பார்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பலகைக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு கையில் பிள்ளையின் பள்ளிப் பை, மறு கையில் குடை என்றாலும் நிமிர்ந்து பார்த்தால் போதும். சரி, நிமிடக் கணக்கில் பஸ் ஓடுகிற ஊரில் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைப்பானேன் என்றால், கணக்குப்படி அது நஷ்டம்தான். ஆனால் காத்திருப்பதைக் கடிகாரத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் ஒன்பஸ்அவே என்கிற பஸ் தகவல் சேவையைப் பயன்படுத்துகிறவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. பஸ் எங்கே வருகிறது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு, நின்ற நேரம் உள்ளதைவிட நீளமாகத் தெரிந்தது. தெரிந்து நின்றவர்களுக்கு அந்த நீட்டம் இல்லை. ஆகவே பலகை தருவது நிமிடத்தை அல்ல, நிம்மதியை. வீட்டார் அத்தனை பேருக்கும் அது கிடைக்கிறது. அவருக்கு மட்டும் கிடைப்பதில்லை.

காரணம், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று அவருக்குத் தெரியும். நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்ற பெயரில் இந்தத் தகவலை யார் கேட்டாலும் இலவசமாகத் தருகிறது. நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஒவ்வொரு தடத்திலும் அடுத்து வரும் மூன்று வண்டிகள்வரை விவரம் வரும்: உட்கார இடம் உண்டா, நிற்கத்தான் முடியுமா, அதற்கும் திண்டாட்டமா, ஒற்றை மாடியா, இரட்டை மாடியா. ஆனால் இத்தனை நிமிடம் என்று அது சொல்வதில்லை. வந்துசேரும் மணியை மட்டும் சொல்லும். கழித்துப் பார்ப்பது இவர் வேலை. கழித்தால் 2 நிமிடம் 50 நொடி. அதை 3 என்று போட்டால் ஒருநாள் பஸ் தப்பும். 2 என்று போட்டால் எல்லோரும் வீணாக ஓடுவார்கள். ஓர் இரவு முழுக்க யோசித்து 2 என்று முடிவு செய்தவர் இவர். தானே வெட்டிக் குறைத்த எண்ணைத் தானே எப்படி நம்புவார்? போதாக்குறைக்கு, அந்தத் தகவலில் 0 அல்லது 1 என்று இன்னொரு குறியும் வருகிறது. 1 என்றால் வண்டி இருக்கிற இடத்தைப் பார்த்துச் சொன்ன நேரம். 0 என்றால் அட்டவணையைப் பார்த்துச் சொன்னது. அதாவது, வர வேண்டும், வரலாம். பலகையில் இரண்டும் ஒரே பச்சையில்தான் மின்னும்.

இதனால் அவர் நடத்தை விசித்திரமாகிவிடுகிறது. பலகை 7 நிமிடம் காட்டும்போதே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனைவியும் பிள்ளைகளும் 4 வரும்வரை சாவகாசமாக இட்லி சாப்பிடுவார்கள். லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல எந்த ஆணையமும் இல்லை என்பது அவர் கவலை. (அதற்கும் ஒரு சென்சார் வைக்கலாமா என்று நகர மன்றத்தில் விசாரித்துவிட்டதாகக் கேள்வி.) மேலும், பலகை மாட்டிய நாளிலிருந்து பஸ் நிறுவனத்தின் மீதிருந்த குறையெல்லாம் இவர் தலையில் விடிந்திருக்கிறது. “ஏம்ப்பா, உன் பஸ் 3 நிமிஷம்னு சொல்லிச்சே, எங்க காணோம்?” என்று அம்மா நிறுத்தத்திலிருந்தே போன் போடுவார். முன்பெல்லாம் தாமதம் ஊர்ப் பொதுவாக இருந்தது.

அப்படியானால், சந்தேகத்தையும் சேர்த்தே பலகையில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அவரும் போட்டார். அட்டவணையை நம்பிச் சொல்கிற நேரங்களை மட்டும் மங்கலாக எரியவிட்டார். முதல் வாரமே பலகை பழுதாகிவிட்டது என்று பேச்சு. மங்கலாக இருப்பது பொய் இல்லை, நிச்சயம் இல்லாதது என்று அவர் விளக்க, “நிச்சயம் இல்லாததை எதுக்குங்க மாட்டி வெச்சிருக்கீங்க?” என்று மனைவி கேட்டார். அதற்குப் பதில் எந்தத் தரவுத் தளத்திலும் இல்லை. இப்போது எல்லா எண்களும் பழையபடி பளிச்சென்று எரிகின்றன. அவர் மட்டும் 9 நிமிடம் காட்டும்போதே இறங்கிவிடுகிறார்.