நெய்தல் நிலத்தில் புளி வாங்குதல்: ஒரு கள ஆய்வு

முன்னுரை

நெய்தல் நிலத்துக்குரிய தெய்வம், தொழில், பறை, யாழ், உரிப்பொருள் எல்லாவற்றையும் இலக்கண நூலார் நமக்கு வகுத்துத் தந்துவிட்டனர். அந்நிலத்துத் தலைவி மாலைப் பொழுதில் கடற்கரையில் நின்று இரங்குவாள் என்பதும் தெரிந்ததே. ஆனால் இரங்கி முடித்து வீடு திரும்பியவள் அன்றிரவுக் குழம்புக்குப் புளி எங்கே வாங்கினாள் என்பதைப் பற்றி உரையாசிரியர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லையும் முறையும்

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள ஒரு மீனவ ஊர் களமாகக் கொள்ளப்பட்டது. ஊரின் பெயர் சொல்லப்படவில்லை. சொன்னால் பக்கத்து ஊரார் கோபித்துக்கொள்வர். முதன்மைச் சான்றுகள் ஏலம் நடக்கும் மணலிலும், மளிகைக் கடை வாசலிலும், குழாயடியிலும் திரட்டப்பட்டன. துணைமைச் சான்றுகள் டீக்கடை பெஞ்சில் கிடைத்தவை. இவை முதன்மைச் சான்றுகளை முற்றாக மறுத்ததோடு ஒன்றையொன்றும் மறுத்ததால் ஒதுக்கிவைக்கப்பட்டன.

முன்னாய்வுகள்

இக்கரைக்கு அங்காடி புதிதன்று. புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்களின் நிழலில் நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மதுரையில் இரவிலும் அல்லங்காடி நடந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. ஆய்வுக் களத்தில் இன்று நாளங்காடி என்பது ஓர் அண்ணாச்சி கடை. அல்லங்காடி என்பது விளக்கு வைத்தபின் சாலையோரம் வந்து நிற்கும் முட்டை பரோட்டா வண்டி. மரபு அறுபடவில்லை, பரப்பளவுதான் சற்றுக் குறைந்திருக்கிறது.

உப்பு நிலைமை கவலைக்குரியது. உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிய பெண்களை அகநானூற்றில் காண்கிறோம். இதே கரையின் தெற்கே வேதாரண்யத்தில் 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியதற்காக ராஜாஜி கைதானார். இவ்வளவும் நடந்த கரையில், அலைச் சத்தம் கேட்கும் அடுப்படிக்கு இன்று உப்பு பாக்கெட்டில் வருகிறது. கருவாட்டுக்கு மட்டும் மூட்டைக் கல்லுப்பு. ஆக, கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தும் கடலிலிருந்து நேரடியாகக் கிடைப்பது மீன் ஒன்றுதான். அதையாவது வாங்குகிறார்களா என்பதே அடுத்த வினா.

இயல் ஒன்று: மீன் வாங்கப்படாமை

இவ்வூரில் மீன் கடை இல்லை. நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட ஃபைபர் படகுகள் வெயில் ஏறும் நேரத்தில் கரை சேர்கின்றன. மீனை மணலில் கொட்டியதும் ஏலக்காரர் குரல் எடுக்கிறார். ஐஸ் பெட்டியோடு வந்த வியாபாரிகளும், அன்னக்கூடையோடு வந்த ஊர்ப் பெண்களும் சுற்றி நிற்கிறார்கள். குவியலாகவோ கூடையாகவோதான் விலை, தராசு கிடையாது. இங்கே ஒருவர் “கிலோ என்ன விலை?” என்று கேட்டால் அவர் வெளியூர் என்பது நிறுவப்பட்டுவிடுகிறது.

ஆய்வுக்கு முக்கியமானது ஏலத்துக்கு முந்தைய நிகழ்வு. படகில் போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ‘கறிக்கு’ என்று எடுத்து வைக்கிறார்கள். படகைக் கரையேற்றத் தோள் கொடுத்தவருக்கும், வலையிலிருந்து மீன் கழற்றியவருக்கும் கை நிறையக் கிடைக்கிறது. கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் போகிறது. அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்புவதில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, வஞ்சிரமும் வவ்வாலும் ஐஸில் ஏறி நகரத்துக்குப் போக, அவற்றைப் பிடித்தவர் வீட்டில் மத்தியும் காரப்பொடியும் கொதிக்கின்றன. குழம்புக்கு எது ருசி என்று கேட்டால் மத்திதான் என்கிறார்கள். இது ஆறுதலா அறிவியலா என்பதைத் தனி ஆய்வுதான் தீர்க்க வேண்டும். இரண்டு, காசு கொடுத்துக் கறிமீன் வாங்குவது இங்கே குற்றமில்லை. ஆனால் “ஏன்க்கா, மாமா கடலுக்குப் போவலியா?” என்ற கேள்விக்கு வழியெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். மீனின் விலையைவிட இந்தக் கேள்வியின் விலை அதிகம்.

இயல் இரண்டு: அண்ணாச்சியின் நோட்டு

மீன் சும்மா வரலாம், குழம்பு சும்மா வராது. புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, எண்ணெய் எல்லாம் தரைப் பொருள்கள். இவை அண்ணாச்சி கடையில் ‘பத்து ரூபாய்க்கு’, ‘இருபது ரூபாய்க்கு’ என்னும் அளவைகளால் அளக்கப்படுகின்றன. கிராம் என்ற அலகு அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதோடு சரி.

வாங்க வருவது பெரும்பாலும் பையன்கள். “அம்மா நோட்டுல எழுதிக்கச் சொன்னாங்க” என்பதே இங்கு செல்லுபடியாகும் பணம். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். குலதெய்வத்தின் பெயரையே பாதி ஊர் வைத்திருப்பதால் பக்கங்களுக்குப் பட்டப்பெயர்களே தலைப்பு. அவற்றை வெளியிட ஆய்வு நெறி இடம் தராது.

அண்ணாச்சி படகில் ஏறியதே இல்லை. ஆனாலும் கடலைப் பற்றி அவர் சொல்வது பிசகுவதில்லை. வாடைக் காற்று நான்கு நாள் நின்று வீசினால் நோட்டில் பக்கம் நிறைகிறது. மத்தி அள்ளிக்கொண்டு வந்த அன்று பழைய வரிகள் அடிபடுகின்றன, கூடவே பிஸ்கட்டும் கலர் பாட்டிலும் விற்கின்றன. இந்த உறவை இவ்வாய்வு ‘எண்ணெய்க் குறியீடு’ என்று பெயரிட்டு அழைக்கிறது: ஊர் சின்னப் பாக்கெட்டாக வாங்கினால் கடலில் ஒன்றுமில்லை, லிட்டராக வாங்கினால் வலை கனத்திருக்கிறது.

பொறையாறு கடைத்தெருவில் இதே பொருள்கள் மலிவு என்பதை ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு ஏன் அண்ணாச்சி? குழாயடித் தகவலாளி ஒருவர் தந்த விளக்கத்துக்கு மேல் சேர்க்க எதுவுமில்லை: “அங்க காத்தடிச்சா கடன் தருவானா?”

இயல் மூன்று: சக்கரத்திலும் தலையிலும் வரும் அங்காடி

காய்கறி இவ்வூருக்குத் தானே வருகிறது. பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கிய டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில், ஒலிப்பெருக்கியில் பதிந்த குரலோடு வரும் வியாபாரி ஏலம் முடியும் நேரம் பார்த்தே தெருவில் நுழைகிறார். முன்னால் வந்தால் கையில் காசிருக்காது, பின்னால் வந்தால் காசு வேறு திசைக்குப் போயிருக்கும்.

எதிர்த் திசையிலும் ஓர் அங்காடி இயங்குகிறது. ஏலத்தில் எடுத்த மீனோடு உள்நாட்டு ஊர்களுக்குப் போகும் பெண்கள், மீனை விற்றுவிட்டுக் கத்திரிக்காயும் கீரையும் வாழைப்பூவுமாகத் திரும்புகிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே மிஞ்சும் பேருந்துக் காசு கொத்தமல்லிக் கட்டாக உருமாறுவது தெளிவு. அறுவடை நாட்களில் மீனுக்கு நெல் அளந்து வாங்கிய கதையை வயதான வியாபாரிகள் சொல்கிறார்கள். அகநானூற்றுப் பெண்ணின் கூடை அண்மைக்காலம் வரை காலியாகத் திரும்பவில்லை என்பது இதனால் பெறப்படும்.

இயல் நான்கு: நியாயவிலை இயல்

அரிசி அரசாங்கத்தைச் சார்ந்தது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பாமாயில் வந்துவிட்டது என்ற செய்தி இறால் பட்ட செய்தியைவிட வேகமாகப் பரவுகிறது. தடை ஒன்றுதான்: ஆண்டுக்கணக்கில் வலை இழுத்துத் தேய்ந்த கட்டைவிரலைக் கைரேகைக் கருவி மனித விரலென்று ஏற்கத் தயங்குகிறது. ஆகவே விரல் சேதமில்லாத மருமகளே வரிசைக்கு அனுப்பப்படுகிறார்.

இயல் ஐந்து: மீன் இல்லாக் காலமும் மீன் கூடாக் காலமும்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. அந்நாட்களில் விசைப்படகில் கூலிக்குப் போகும் வீடுகள் முட்டைக்கும் பிராய்லர் கோழிக்கும் மாறுகின்றன, நோட்டு தடிக்கிறது. தடைக்கு உட்படாத ஃபைபர் படகுக்காரர் வீட்டில் அதே நாட்களில் மீனுக்கு நல்ல விலை கிடைத்து நோட்டு மெலிகிறது.

புரட்டாசி வேறு வகை. கடலில் மீன் இருக்கும், வலையிலும் விழும். ஆனால் உள்நாட்டில் வாங்க ஆளிருக்காது. பெருமாளுக்காக யாரோ மயிலாடுதுறையில் விரதம் இருக்க, அதன் பாக்கி இங்கே அண்ணாச்சி நோட்டில் ஏறுகிறது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டாலோ ஊருக்குள்ளேயே மீன் கூடாது. அந்த வாரம் எக்ஸெல் வண்டிக்காரர் இரண்டு நடை வருகிறார். வாழைக்காய் கிடைக்காதவர்கள் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நெய்தலின் உரிப்பொருளான இரங்கலோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆய்வு முடிவுகள்

1. இவ்வூரார் மீனை உறவிடமிருந்தும், அரிசியை அரசிடமிருந்தும், காயைச் சக்கரத்திடமிருந்தும், மற்ற அனைத்தையும் நம்பிக்கையின் பேரிலும் பெறுகிறார்கள்.

2. கடையைத் தீர்மானிப்பது விலையன்று, காற்று.

3. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் செயற்கைக்கோள் துணையோடு மீன் எங்கே கூடியிருக்கும் என்று அறிவிக்கிறது. அந்த மீன் கரையேறி, ஏலம் போய், பணமாகி, வீட்டுக்கு வந்ததா என்பதை அறியும் கருவி அண்ணாச்சியின் நோட்டு மட்டுமே. இரண்டையும் இணைத்துப் படிப்பது கடலியலுக்கு நல்லது.

4. மூன்றாம் முடிவின் பொருட்டு அந்த நோட்டைப் பார்வையிட எழுத்து வழியில் அனுமதி கோரப்பட்டது. அண்ணாச்சி விண்ணப்பத்தை வாங்கி, அதிலேயே இருபது ரூபாய்க்குச் சீரகம் மடித்துப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டார்.

5. உள்ளூரார் யார் என்ற அடிப்படை வினாவுக்கும் அதே இடத்தில் விடை கிடைத்தது. ஆய்வாளர் பத்து ரூபாய்க்குப் புளி கேட்டார். அண்ணாச்சி நோட்டைத் திறக்கவில்லை, கையை நீட்டினார். அந்த நோட்டில் பக்கம் உள்ளவர் ஊரார். சில்லறை எடுத்துக் கொடுத்தவர் ஆய்வாளர்.