ஏலக்காய் இளைக்கிறது, கணக்கர் இளைக்கவில்லை: சக்குபள்ளத்திலிருந்து ஓர் ஆய்வு

உடல் எடையைக் குறைப்பதில் கற்பனைத் திறனுக்கு உள்ள பங்கு என்ன என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக் களம், இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம். குமுளியிலிருந்து மூணாறு போகிற சாலையில் அணக்கரையில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஏலத்தோட்டம்தான் வரும். ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர், ஆய்வாளரும் அவரே. தோட்டமொன்றில் கணக்கு எழுதுகிறவர், வயது 46, தொடக்க எடை 91 கிலோ. ஒரே ஒரு மாதிரியை வைத்து ஆய்வு செய்யலாமா, மாதிரியின் அளவு போதாதே என்று அறிஞர்கள் கேட்கக்கூடும். மாதிரியின் இடுப்பளவைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

உலகத்தில் இத்தனை ஊர் இருக்கச் சக்குபள்ளம் ஏன்? எடை குறைப்பைத் தொழிலாகவே செய்கிற ஊர் இது. ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஸ்டோர் என்று ஒரு கட்டடம் உண்டு. மளிகைக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். காய் உலர்த்துகிற இடம். பறித்த ஏலக்காயை மாலையில் கழுவித் தட்டுகளில் பரப்பி 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் விட்டால், ஏறக்குறைய ஒரு நாளில் ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகி வெளியே வரும். எண்பது சதவீத ஈரம் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கியிருக்கும். ஐந்தில் நான்கு பங்கை ஒரே நாளில் இழந்த பிறகும் காய்க்குச் சோர்வு கிடையாது, நிறம்கூட மங்குவதில்லை. விலைதான் ஏறுகிறது. 2019 ஆகஸ்டில் பக்கத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் இப்படி இளைத்த காய் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 91 கிலோவுக்கு என்ன வந்திருக்கும் என்று ஆய்வாளர் அன்றே பெருக்கிப் பார்த்துவிட்டார்.

இளைத்தால் மட்டும் போதாது என்பது இத்தொழிலின் நுட்பம். தரம் பிரிக்கையில் ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுக்கிறார்கள். ஏழு மில்லிமீட்டர் முதல்தரக் காய் என்றால் லிட்டருக்கு 435 கிராமாவது இருக்க வேண்டும். இளைத்திருக்கவும் வேண்டும், உள்ளே சரக்கும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து மனிதர்களில் இவ்விரண்டும் சேர்ந்து அமைந்தவர்கள் தலைமைக் கங்காணியும் என் மாமியாரும்தான்.

ஏலக்காயால் முடிந்தது கணக்கருக்கு ஏன் முடியவில்லை? என் கருதுகோள் இது: ஏலக்காய்க்குக் கற்பனை கிடையாது. நடுராத்திரி நாற்பத்தெட்டு டிகிரியில் கிடக்கும்போது, திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தால் என்ன என்று அதற்குத் தோன்றுவதில்லை.

முன்னோர் ஆய்வுகளைப் பார்த்துவிடுவோம். திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண் என்பதோடு பாதி வேலையை முடித்துக்கொள்கிறது. இதில் கற்பனைக்கு இடமே இல்லை. ஆகவே யாரும் கடைப்பிடிப்பதுமில்லை. இத்தாலியில் சாண்டோரியோ என்ற மருத்துவர் தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் முப்பது வருஷம் நிறுத்துப் பார்த்து 1614இல் நூல் எழுதினார். உண்பதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் உடம்பிலிருந்து ஆவியாகிப் போகிறது என்பது அவர் கண்டது. ஸ்டோரில் வேலை பார்க்கிற எவரும் இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

இனி என் சோதனைகள். முதலாவது, சிறிய தட்டு. தட்டைச் சிறிதாக்கினால் கண் ஏமாந்து வயிறு நிறையும் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் வான்சிங்க் என்ற பேராசிரியர் சொல்லிவந்தார். அவருக்கு உலகப் புகழ் இருந்தது. வீட்டில் பெரிய தட்டைப் பரணில் ஏற்றிவிட்டுக் குழந்தைக்குச் சோறூட்டிய கிண்ணியில் சாப்பிட ஆரம்பித்தேன். ஐந்தாவது முறை பரிமாற எழுந்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, கிண்ணிய எடுத்துட்டுச் சட்டியவே பக்கத்துல வச்சுடட்டுமா?" 2018இல் வான்சிங்கின் ஆறு கட்டுரைகளை, தரவுகளை நம்ப முடியவில்லை என்று இதழ்கள் ஒரே நாளில் திரும்பப் பெற்றன. என் வீட்டில் அதற்கு முன்பே திரும்பப் பெற்றாகிவிட்டது.

இரண்டாவது சோதனை குடம்புளி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆய்வாளரின் மிகப் பெரிய நம்பிக்கை இதில்தான் இருந்தது. மலையாளிகளின் மீன்குழம்பில் கறுத்துச் சுருண்டு கிடக்கிற அதே புளி. அதன் முக்கிய அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் என்று 1965இல் மைசூர் மத்திய உணவு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் கண்டு சொன்னார்கள். அந்த அமிலம் கொழுப்பு சேர்வதைத் தடுக்கும் என்ற பேச்சு கிளம்ப, நம் அடுப்படிப் புளி மாத்திரையாகிக் கப்பலேறியது. எனக்கு மாத்திரை எதற்கு? அணக்கரையில் புளி இருக்கிறது, மீன் இருக்கிறது. மதியம் மூன்று சுளைக் குடம்புளி போட்ட மீன்குழம்பு என்று திட்டம் வகுத்தேன். அமிலம் தனியாக வயிற்றுக்குள் போகாது. அதற்கொரு வாகனம் வேண்டும். கப்பைக் கிழங்கை வாகனமாக வைத்தேன். அமிலம் நிறையப் போக வேண்டுமென்றால் வாகனமும் நிறையப் போக வேண்டும் என்பது எளிய கணக்கு.

மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடியது. இத்தனைக்கும் 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த சோதனை ஒன்றைப் படித்திருந்தேன். 135 பேரை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்குக் குடம்புளி அமிலமும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். புளி அணி சராசரியாக 3.2 கிலோ இளைத்தது. வெறும் மாத்திரை அணி 4.1 கிலோ. வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று எழுதி அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த 0.9 கிலோவை விட மனமில்லை. புளி இல்லாமலே கூடுதலாக இளைக்க முடியுமென்றால் புளி போடாத மீன்குழம்பு இன்னும் விசேஷமல்லவா? மனைவி அந்தக் குழம்பை வைக்க மறுத்துவிட்டாள். ஆய்வு அத்தோடு நின்றது. இரண்டு அணிக்குமே நார் மிகுந்த, அளவு குறைந்த உணவுதான் கொடுத்தார்கள் என்ற வரி இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் பட்டது. முதல் வாசிப்பின்போது கையில் பழம்பொரி இருந்தது.

மூன்றாவது சோதனை மூச்சு. பத்துக் கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோதான் நீர் என்று ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு சரியானது. அதை வைத்து நான் செய்ததுதான் தவறு: நாற்காலியில் சாய்ந்துகொண்டு பலமாக மூச்சு விட்டேன். பத்து நிமிஷத்தில் தலை சுற்றியது. சுற்றல் தீரச் சர்க்கரை தூக்கலாக ஒரு சாயா குடிக்க வேண்டியதாயிற்று. சரிவில் பை தூக்கி ஏறும்போது தானாக வருகிற மூச்சுக்குத்தான் கொழுப்பு வெளியேறுமாம். அது பின்னால் தெரிந்தது.

அளவீட்டு முறை பற்றி ஒரு வார்த்தை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் முறையை 1832இல் பெல்ஜியத்து வானியலாளர் கெத்தலே கொடுத்தார். இந்தியருக்கு அது 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை என்கிறார்கள். நான் வகுத்துப் பார்த்தேன். நட்சத்திரங்களை அளந்தவரின் கணக்கு எனக்குப் பொருந்தியது. ஆனாலும் கம்பத்திலிருந்து விடியற்காலையில் மலையேறி வருகிற ஜீப்பின் அளவுகோல்தான் துல்லியமானது. முன்சீட்டில் ஓட்டுநர் நீங்கலாக இரண்டு பேர் உட்காரலாம். நான் ஏறினால் ஒருவர். "சார், நீங்க இளைச்சா தெனம் ஒரு டிக்கெட்டு எனக்குக் கூடும்" என்று ஓட்டுநர் நாலு வருஷமாகச் சொல்லி வருகிறார். இந்த ஆய்வில் பொருளாதார அக்கறை காட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

அந்த ஜீப்பின் பின்பக்கம் வருகிற பெண்கள் யாரும் இப்படி ஆய்வு செய்வதில்லை. தூரடியில் குந்தி, சரத்தைப் புரட்டி, முற்றிய காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி, அடுத்த தூருக்கு நகர்ந்து, மறுபடி குந்துகிறார்கள். தூக்குவாளியில் பழைய சோறு. மாலையில் காய்ச் சாக்கோடு ஸ்டோர் வாசலுக்கு வருவார்கள். நிறுத்து எழுதுவது நான். மழைநாளில் காயோடு தண்ணீரும் வருமென்று சாக்குக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு போடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். அதில் எனக்கு எந்தக் கற்பனையும் தேவைப்பட்டதில்லை.

இறுதி எடை எடுக்க வேண்டிய நாளில் நல்ல சாரல். வீட்டுத் தராசின் மேல் நம்பிக்கை போயிருந்ததால் சாக்கு நிறுக்கிற தராசிலேயே ஏறினேன். 92 காட்டியது. ஸ்வெட்டர் நனைந்திருந்தது, செருப்பில் சேறு அப்பியிருந்தது. தண்ணீர் கனம்தான் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு நோட்டைத் திறந்தேன். வரிசையில் முதலாவதாகச் சாக்கோடு நின்ற கூடலூர்க்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கும் ஒரு கிலோ கழிச்சு எழுதிக்கங்க, சார்."

எழுதிக்கொண்டேன். 91.